கழுத்தில் உள்ள ஐந்து சுரப்பிகள்
தைராய்டு, பாராதைராய்டு: ஸ்கேன் காட்டுவது என்ன? ரத்தம் சொல்வது என்ன?



மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டை சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் தாய்மார்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கழுத்துல ஸ்கேன் எடுத்தாச்சு, கட்டி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. இன்னும் எதுக்கு தைராய்டு மாத்திரை? நிறுத்திடலாமா?" என்பார்கள். வேறு சிலர் இதையே திருப்பிக் கேட்பார்கள். "ரத்தத்துல எல்லாம் சரியா இருக்குன்னுதான் வந்திருக்கு. அப்புறம் ஏன் கழுத்து வீங்கியிருக்கு?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். சுரப்பியின் உருவம் வேறு, அது செய்கிற வேலை வேறு என்பது விளங்கிவிட்டால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். உருவத்தைக் காட்டுவது ஸ்கேன். வேலையைக் காட்டுவது ரத்தப் பரிசோதனை. இது புரியாமல் கர்ப்பிணி ஒருத்தி மாத்திரையை நிறுத்திவிட்டால், பாதிப்பு அவளோடு நிற்காது; வயிற்றில் வளர்கிற குழந்தையின் மூளைக்கும் போய்ச் சேரும். ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தைராய்டு எங்கே இருக்கிறது?

முன்கழுத்தைத் தடவிப் பாருங்கள். ஆண்களுக்குத் துருத்திக்கொண்டு தெரிகிற குரல்வளை மேடு கையில் படும். அதற்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் மீது, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதே தைராய்டு சுரப்பி. வலப்புறம் ஒரு மடல், இடப்புறம் ஒரு மடல், நடுவிலே இரண்டையும் சேர்க்கிற மெல்லிய பாலம். பெரியவர்களுக்கு ஒவ்வொரு மடலும் சுமார் 4 முதல் 6 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நடுப்பாலத்தின் கனம் சில மில்லிமீட்டர்தான். முழுச் சுரப்பியின் எடையும் 15 முதல் 25 கிராம்.

எச்சில் விழுங்கும்போது இந்தச் சுரப்பி மேலே போய்க் கீழே வரும். கழுத்தில் வீக்கம் உள்ளவர்களை டாக்டர் "கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான். விழுங்கும்போது வீக்கமும் கூடவே ஏறி இறங்கினால் அது தைராய்டைச் சேர்ந்ததாக இருக்கும்.

தாயின் கருவில் இருக்கும்போது இந்தச் சுரப்பி நாக்கின் அடியில் தோன்றி மெல்ல இறங்கிக் கழுத்துக்கு வருகிறது. வந்த வழி சரியாக மூடாமல் போனால், சில பிள்ளைகளுக்கு நடுக்கழுத்தில் நீர்க்கட்டி உண்டாகும். நாக்கை நீட்டச் சொன்னால் அந்தக் கட்டி மேலே ஏறும். இதை அறுவை செய்து எடுக்குமுன் ஸ்கேன் பார்ப்பது அவசியம். தைராய்டு தன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு இருக்கிற தைராய்டே அந்த வழியில் தங்கிவிட்டதுதான். அதைக் கட்டி என்று நினைத்து எடுத்துவிடக் கூடாதல்லவா?

அதன் வேலை என்ன?

உடம்பு என்கிற அடுப்பு எவ்வளவு வேகமாக எரியவேண்டும் என்று பார்த்துக்கொள்வது தைராய்டு. நாம் சாப்பிடுகிற உப்பிலும் உணவிலும் உள்ள அயோடின் ரத்தத்தில் கலக்கிறது. அதைத் தைராய்டு இழுத்துப் பிடித்து, டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. டி4-ல் நான்கு அயோடின் அணுக்கள், டி3-ல் மூன்று. அயோடின் இல்லாவிட்டால் இரண்டுமே இல்லை. தயாரித்த சரக்கைச் சுரப்பிக்குள் உள்ள நுண்ணிய பைகளில் சேர்த்து வைத்து, தேவைக்கு ஏற்றாற்போல் ரத்தத்தில் விடும்.

இந்த வேலையை மேற்பார்வை பார்க்கிற மேஸ்திரி மூளையின் அடியில் இருக்கிறார். பிட்யூட்டரி சுரப்பி என்று பெயர். அவர் போடுகிற சத்தம்தான் டி.எஸ்.எச். தைராய்டு மந்தமாக வேலை செய்தால் மேஸ்திரி சத்தத்தைக் கூட்டுவார், ரத்தத்தில் டி.எஸ்.எச். ஏறும். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்தால் மேஸ்திரி வாயை மூடிக்கொள்வார், டி.எஸ்.எச். இறங்கும். "டி.எஸ்.எச். கூடியிருக்கு, அப்படீன்னா தைராய்டு கூடிப்போச்சா?" என்று பலரும் குழம்புவார்கள். இல்லை. டி.எஸ்.எச். கூடியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைந்திருக்கிறது என்றே பொருள்.

குறைந்தால்: சோர்வு, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், முகம் ஊதுதல், மாதவிலக்கு ஒழுங்கின்மை, கரு தங்காமை.

கூடினால்: படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தல், தூக்கமின்மை, சிலருக்குக் கண் பிதுங்குதல்.

இது அபூர்வமான நோய் அன்று. சென்னை உட்பட எட்டுப் பெருநகரங்களில் பெரியவர்களைச் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 100 பேரில் ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி தவறுதலாகச் சொந்தச் சுரப்பியையே தாக்குவது இப்போது முக்கியமான காரணம்.

ஸ்கேன் எடுக்கும்போது என்ன நடக்கிறது?

கழுத்து ஸ்கேன் என்றதும் பயப்பட வேண்டாம். இது ஒலி அலையால் எடுக்கிற படம். எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடுத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் போகவேண்டியதில்லை. தோளுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். கழுத்தில் பசை போன்ற களிம்பைத் தடவி, ஒரு கருவியை வைத்து நகர்த்துவார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வலி இல்லை. தாலிச் சரட்டையும் கழுத்து நகையையும் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டால் போதும்.

திரையில் தெரிவதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். ஒலி திரும்பி வராத இடம் கறுப்பு. நன்றாகத் திரும்பி வருகிற இடம் வெளுப்பு. நடுவிலே மூச்சுக்குழாய் வளைவாகத் தெரியும். அதற்குள் காற்று இருப்பதால் அதன் பின்னால் நிழல் விழும். அதன் இரு பக்கமும் தைராய்டு மடல்கள். அவற்றுக்கு வெளியே கறுப்பு வட்டமாகத் துடிப்பது தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி.

நல்ல நிலையில் உள்ள தைராய்டு, பதமாக அரைத்த இட்லி மாவை வழித்துவிட்டது போல் ஒரே சீரான சாம்பல் நிறமாக இருக்கும். அதன்மேல் உள்ள கழுத்துத் தசைகளைவிடச் சற்று வெளுத்துத் தெரியும். எதிர்ப்பு சக்தியால் பாதிக்கப்பட்ட தைராய்டு அந்தச் சீர் கெட்டு, கரையான் அரித்த ஓலை மாதிரி அங்கங்கே கறுத்துத் திட்டுத் திட்டாக இருக்கும். அளவுக்கு மீறி வேலை செய்யும் தைராய்டில் ரத்த ஓட்டம் பெருகியிருக்கும். டாப்ளர் என்ற வண்ணப்படத்தில் சுரப்பி முழுவதும் சிவப்பும் நீலமுமாகப் பளிச்சிடும்.

கட்டி தெரிந்தால்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தைராய்டில் கட்டி தெரிவது மிகச் சாதாரணம். அவற்றில் பத்துக்கு ஒன்பது புற்றுநோய் அல்ல.

முழுக் கறுப்பாக, ஓரம் வழவழப்பாகத் தெரிந்தால் அது நீர்க்கட்டி. உள்ளே சிறுசிறு துளைகளோடு பஞ்சு போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. கெட்டியான கட்டி மிகவும் கறுத்திருந்தாலோ, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, குறுக்குவாட்டுப் படத்தில் அகலத்தைவிட உயரம் கூடியிருந்தாலோ, உள்ளே பொடி உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தாலோ டாக்டர் கவனமாகப் பார்ப்பார். இந்த அடையாளங்களையும் கட்டியின் அளவையும் வைத்து, மெல்லிய ஊசி போட்டு அணுக்களை எடுத்துச் சோதிக்க வேண்டுமா, சில மாதம் கழித்து மறு ஸ்கேன் போதுமா என்று முடிவு செய்வார். "ஊசி குத்தினா கட்டி பரவிடும்" என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். அந்தப் பயத்தில் சோதனையைத் தள்ளிப்போடுவதே ஆபத்து.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஸ்கேனில் கட்டி இல்லாதவர்களுக்கும் ஹார்மோன் குறைவாக இருக்கலாம். ரத்தம் சரியாக உள்ளவர்களுக்கும் கழுத்தில் கட்டி இருக்கலாம். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரையை நிறுத்தக்கூடாது. ரத்த ரிப்போர்ட்டைக் காட்டி கட்டியை மறந்துவிடவும் கூடாது. டாக்டரிடம் போகும்போது இரண்டு தாளையும் ஒன்றாக எடுத்துப் போங்கள்.

பின்னால் ஒளிந்திருக்கும் நால்வர்

தைராய்டின் பின்பக்கத்தில் பக்கத்துக்கு இரண்டாக, பெரும்பாலோர்க்கு நான்கு சிறு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மைசூர்ப் பருப்பு அளவுதான். எடை 30 முதல் 50 மில்லி கிராம். இவையே பாராதைராய்டு. மேல் ஜோடி பொதுவாகத் தன் இடத்தில் இருக்கும். கீழ் ஜோடி சிலருக்கு இடம் மாறி, மார்புக்குள்ளேகூட இறங்கியிருக்கும்.

இவ்வளவு சிறியவை என்பதால் உலகம் இவற்றை வெகுகாலம் கவனிக்கவில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849-ல் இறந்துபோன இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்துப் பார்த்த ரிச்சர்டு ஓவன் என்ற அறிஞர்தான் இதை முதலில் குறிப்பிட்டவர். மனிதர்களிடம் இதைக் கண்டு 1880-ல் எழுதியவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ராம். அதன் வேலை தெரியாத அந்தக் காலத்தில், தைராய்டை முழுவதும் எடுத்த நோயாளிகள் சிலருக்குக் கை கால் முறுக்கி இழுப்பு வந்தது. பாராதைராய்டும் சேர்ந்து போனதே அதற்குக் காரணம் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று.

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இதன் வேலை தனி. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, ஒரே அளவில் வைத்திருப்பது இதன் பொறுப்பு. கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரந்து, எலும்பிலிருந்து கொஞ்சம் எடுக்கும். சிறுநீரில் வீணாகப் போகாமல் தடுக்கும். வைட்டமின் டி-யை முடுக்கிவிட்டுக் குடலிலிருந்து கூடுதலாக உறிஞ்ச வைக்கும்.

இது அளவுக்கு மீறிச் சுரந்தால் எலும்பு வலி, அடிக்கடி சிறுநீரகக் கல், அதிக தாகம், மலச்சிக்கல், லேசாக விழுந்தாலும் எலும்பு முறிவு ஆகியவை வரும். குறைந்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, கை கால் இழுப்பு. தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களுக்கு இந்த மதமதப்பு தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

நல்ல நிலையில் உள்ள பாராதைராய்டு ஸ்கேனில் சாதாரணமாகத் தெரியாது. "பாராதைராய்டு தென்படவில்லை" என்று ரிப்போர்ட்டில் இருந்தால், அந்தச் சுரப்பி இல்லாமல் போய்விட்டது என்று கலங்க வேண்டாம். வீங்கினால்தான் தைராய்டு மடலின் பின்னால் முட்டை வடிவக் கறுப்பாகத் தென்படும். டாப்ளரில் ஒரு முனையில் ரத்தக்குழாய் நுழைவதும் தெரியும். பக்கத்தில் உள்ள நெறிக்கட்டியும் இப்படித் தெரியலாம். ஆனால் அதற்கு நடுவிலே வெள்ளைக் கோடு இருக்கும். நோய் உண்டா இல்லையா என்பதை ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சொல்லும். நால்வரில் வீங்கியது யார் என்று அடையாளம் காட்டவே ஸ்கேன். இங்கும் அதே நியதிதான்.

கடல் பக்கத்திலே, உப்பில் அயோடின் இல்லையா?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். அயோடின் இல்லாத உப்பைப் பற்றியும் இப்போது அப்படிச் சொல்லத் தோன்றுகிறது.

இமயமலை அடிவாரத்தில் ஊர் ஊராகக் கழுத்துக் கழலை இருந்தது. காங்கிரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அயோடின் உப்பு கிடைத்த இடங்களில் சில ஆண்டுகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. அதன் பயனாக 1962-ல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. கழலையோடு மூளை வளர்ச்சிக் குறைவையும் சேர்த்து, 1992-ல் அது தேசிய அயோடின் குறைபாட்டு நோய்த் தடுப்புத் திட்டம் ஆயிற்று.

"அது மலைநாட்டுக் கதை. நம்ம மாவட்டத்திலயே மரக்காணத்துல உப்பளம் இருக்கே!" என்று கேட்கலாம். கடல் நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிக மிகக் குறைவு. எந்த உப்பளத்து உப்பானாலும் தனியாக அயோடின் சேர்த்தால்தான் உண்டு. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான். அப்படியிருந்தும் 2018-19-ல் எடுத்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பை உபயோகிக்கும் வீடுகள் நாடு முழுவதும் 100-க்கு 76, தமிழ்நாட்டில் 62. மாநிலங்களில் நாமே கடைசி. உப்பு விளைகிற நாட்டுக்கு இது பெருமையா?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோ கிராம் அயோடின் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் 250. கருவான முதல் மூன்று மாதம் குழந்தையின் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. தாயின் ஹார்மோனை நம்பியே அதன் மூளை உருவாகிறது. அப்போது ஏற்படும் குறையைப் பின்னால் எவ்வளவு பாலும் பழமும் கொடுத்தாலும் ஈடு செய்ய முடியாது.

வாங்கும்போது பாக்கெட்டில் "அயோடின் கலந்தது" என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கல் உப்பிலும் அயோடின் கலந்தது கிடைக்கிறது. மூடியுள்ள டப்பாவில், அடுப்புச் சூடும் ஈரமும் படாமல் வையுங்கள். கல் உப்பைத் தண்ணீரில் அலசாதீர்கள். சமையல் முடியும் தறுவாயில் உப்புப் போடுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும். குறைத்துப் போடுகிற அந்த உப்பும் அயோடின் உப்பாக இருக்கட்டும். ஏற்கெனவே தைராய்டு குறைந்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உப்பு மட்டும் மருந்தாகாது. மாத்திரை தொடர வேண்டும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"முட்டைக்கோஸ், மரவள்ளி, மல்லாட்டை சாப்பிடலாமா?" வேகவைத்து, அளவோடு சாப்பிடலாம். வீட்டில் அயோடின் உப்பு இருக்கும்வரை பயமில்லை.

"மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்?" காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காப்பி, டீ, கூழ் எதுவும் வேண்டாம். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

"மாசமா இருக்கும்போது மாத்திரை சாப்பிட்டா புள்ளைக்கு ஆகாதே?" நேர்மாறானது. அப்போதுதான் தேவை கூடுகிறது. நாள் தள்ளியது தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் "எனக்குத் தைராய்டு உண்டு" என்று முதலிலேயே சொல்லுங்கள். டாக்டர் ரத்தம் பார்த்து அளவைக் கூட்டுவார்.

"பச்சைக் குழந்தைக்கும் வருமா?" வரும். ஏறத்தாழ 1000 பிரசவத்துக்கு ஒரு குழந்தை தைராய்டு குறைவோடு பிறக்கிறது. பிறந்தவுடன் பார்த்தால் தெரியாது. சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளரும். நீடித்த மஞ்சள் காமாலை, பால் குடிக்கச் சோம்பல், எந்நேரமும் தூக்கம், மலச்சிக்கல், தொப்புள் துருத்தல் இருந்தால் "சாதுவான குழந்தை" என்று சந்தோஷப்பட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

உடனே போக வேண்டியது எப்போது?

கழுத்துக் கட்டி விரைவாக வளர்ந்தால், குரல் கம்மிப்போய் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், கழுத்துப் பக்கவாட்டில் நெறிகட்டினால் காத்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மேல் பரிசோதனை தேவைப்பட்டால் செஞ்சி, திண்டிவனம் அரசு மருத்துவமனைகளுக்கோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

நினைவில் கொள்க

1. ஸ்கேன் உருவத்தைக் காட்டும். ரத்தம் வேலையைக் காட்டும். இரண்டு ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள்.
2. டாக்டரைக் கேட்காமல் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்ப காலத்தில் ஒரு நாளும் விடாதீர்கள்.
3. கட்டி என்றாலே புற்றுநோய் அல்ல. ஆனால் காட்டாமல் இருக்காதீர்கள்.
4. வீட்டில் அயோடின் கலந்த உப்பே உபயோகியுங்கள்.

அமாவாசைக்கு அங்காளம்மனைக் கும்பிட வெளியூரிலிருந்து உறவுமுறை வந்து தங்கும்போது, அவர்கள் வீட்டில் என்ன உப்பு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கர்ப்பிணிப் பெண் இருந்தால், மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறாளா என்றும் கேளுங்கள்.